சௌலேயின் நாய்ச்சட்டை

வண்டிக்குள் ஒரே நாய் வாடை. பின்சீட்டில் எங்கள் வேட்டை நாய்கள் இரண்டும் என் மடிமேல் கால் போட்டுப் படுத்திருந்தன. முன்னால் என் கணவர் சாபித்தும் மாமியாரும் மலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். பனி உருகிவிட்டதாம், துலிப் பூத்துவிட்டதாம். பூத்தால் பூக்கட்டும், எனக்கென்ன வந்தது?

"சனி, ஞாயிறு மேல காத்து வாங்கிட்டு வந்தா தெளிஞ்சிடுவே," என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

நான் என்ன குடித்துவிட்டா கிடக்கிறேன், தெளிவதற்கு? வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் மரத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான். எதைத் தின்றாலும் ருசி கிடையாது.

கோட்டுப் பையில் ஒரு சட்டை வைத்திருந்தேன். கையகலம், ஓரம் மடித்துத் தைக்காத வெள்ளைத் துணி. பிறந்த பிள்ளைக்கு எங்களில் முதலில் போடுவது அதைத்தான். பெயரே நாய்ச்சட்டை. நாற்பது நாள் ஆனதும் கழற்றி, மிட்டாய் முடிந்து, நாயின் கழுத்தில் கட்டி ஓடவிடுவார்கள். பிள்ளைகள் துரத்திப் பிடித்து மிட்டாயைத் தின்னும்.

என் மகள் சௌலே நாற்பதைத் தொடவில்லை. குளிர்காலத்திலேயே போய்விட்டாள்.

"நாப்பது தாண்டாத பிள்ளைக்கு நாய்ச்சட்டை ஓட்டுறது கெடையாது. எங்கயாவது மண்ணுல பொதைச்சிடு," என்றார் அத்தை. நான் புதைக்கவில்லை. அதன்பிறகு வீட்டில் ஒருத்தரும் அவள் பெயரை எடுத்ததில்லை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பது போல இருந்தார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

மேலே புல்வெளியில் என் ஓரகத்தி குராலாய் முன்னாலேயே கூடாரம் போட்டு, ஆட்டுக்கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைக்குழந்தையைச் சால்வைக்குள் மூடினாள். என் கண் படும் என்றா, எனக்கு மனசு நோகும் என்றா, தெரியவில்லை. அவள் மூத்தவள் தனாவும் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளும் நாய்களைக் கட்டிப் புரண்டார்கள். கிழட்டு நாய் கறிச்சட்டிக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தது. இளசு லஷினை அத்தை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனார்.

போகும்போது என் கையில் குதிரைக்கறித் துண்டு ஒன்றைத் திணித்தார். "நீ அந்தப் பாறை மேல போய் உக்காரு. லஷின் வந்தா இதப் போடு."

சொன்னதைச் செய்தேன். உட்கார் என்றால் உட்காருவேன், அவ்வளவுதான் அப்போது நான்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் கூச்சல். லஷின் பாய்ந்து வந்தது, கழுத்தில் வெள்ளைச் சட்டையோடு. பின்னாலேயே தனா, "பிடி! பிடி!" என்று. நாய் நேராக வந்து என் கையில் மூக்கை வைத்தது.

"பாத்தியா! தானா உங்கிட்டயே வந்திடுச்சு!" அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தார். "குராலாய் மகனுக்கு நாப்பது முடிஞ்சிருக்கு. பிள்ளை வேணுங்கிறவ கைக்கு நாய்ச்சட்டை வந்தா நல்ல சகுனம்டி. தலைமாட்டுல வெச்சுக்கோ. அடுத்த வருஷம் பாரு!"

"கறியக் குடுத்து உக்கார வெச்சிட்டு, தானா வந்துச்சாக்கும்? நாய் என்ன ஜோசியமா பாத்துச்சு, அத்தே?"

குராலாய் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாபித்திடம் கேட்டேன். "உங்களுக்கும் தெரியுமா?"

"அம்மா உன் நல்லதுக்குத்தான்..." என்று ஷூவைப் பார்த்தார்.

காத்து வாங்க அழைத்து வந்த லட்சணம் இதுதான். கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. லஷினுக்குக் கறியைப் போட்டேன். சட்டையை அவிழ்த்து மிட்டாயை எடுத்துக்கொண்டு, "உன் மகனோடது, நீயே வெச்சுக்கோ," என்று குராலாயிடம் கொடுத்தேன். பிறகு என் பையிலிருந்த சட்டையை எடுத்து, அந்த மிட்டாயை அதில் முடிந்தேன்.

"ஐயையோ, என்னடி பண்றே? அவளுக்குத்தான் நாப்பது ஆகலியே!"

"யாருக்கு, அத்தே?"

அத்தை, அந்தப் பெயர் வாய்க்கு வராமல், சாபித்தைப் பார்த்தார். நான் லஷினின் கழுத்தில் சட்டையைக் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். "ஓடு."

பிள்ளைகளுக்கு நாற்பதாவது, சகுனமாவது. ஹோவென்று துரத்தினார்கள். சரிவில் தனா நாயின் மேலேயே விழுந்து பிடித்துவிட்டாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக அத்தையிடம்தான் ஓடிவந்தாள்.

"அப்பத்தா, இது தம்பிது இல்லியே! யாரு சட்டை?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"சொல்லு அப்பத்தா!"

அத்தை புல்லில் உட்கார்ந்துவிட்டார். "சௌலேயோடது," என்றார். "உன் தங்கச்சி சௌலேயோடது."

தனா முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் என் கையில் வைத்தாள்.

"இது சௌலேக்கு. அவ இல்லல்ல, நீங்க தின்னுடுங்க பெரியம்மா."

வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. மரப்பு விடும்போதுதானே வலிக்கும். அந்தப் பாறை மேலேயே குனிந்து, ஓவென்று அழுதேன்.