பச்சைக் கோப்பையின் ஜோடி

பழைய சாமான் கடையின் மூலையில் அவள் மண்டியிட்டு, கீழ்த்தட்டிலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். கலங்கரை விளக்கப் படம் பாதி அழிந்த கோப்பை இருந்தது. கைப்பிடி ஒட்டவைத்த கோப்பை இருந்தது. பச்சைக் கோப்பை மட்டும் இல்லை.

"என்னம்மா தேடறீங்க? வாயத் திறந்து சொன்னா எடுத்துத் தரமாட்டேனா?" என்றார் கடைக்காரர். அவர் போட்டிருந்த கண்ணாடியின் தடிமனுக்காக ஊரே அவரை சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"பச்சைக் கப்புங்க. கட்டைவிரல் வைக்கிற இடத்துல ஒரு குழி இருக்கும். நான்தான் போன மாசம் கொண்டுவந்து குடுத்தேன்."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்க."

"இன்னைக்கே வேணும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் கல்லாப் பக்கம் திரும்பினார்.

காலையில் வந்த டாக்டர் அவள் கணவனை வாசல் வரை கூட்டிப்போய், இன்றைய பொழுது தாண்டாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் படுத்திருந்தவர் அவளுடைய மாமனார். வேலை செய்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்த ஒரே சபலம் சனிக்கிழமைதோறும் இந்தக் கடைக்கு வருவது. யாரோ குடித்து, யாரோ வேண்டாமென்று தள்ளிய கோப்பையை எடுப்பார், நகத்தால் சுண்டுவார், காதருகே வைத்துக் கேட்பார். விரிசல் இல்லாத கோப்பை 'டிங்' என்று சொல்லுமாம். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அதைக் கழுவுவார்.

சமையலறையோ கையை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடும் அளவு. கோப்பைகள் அலமாரியை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் ஏறி உட்கார்ந்தன. ஒருநாள் ஒன்று உருண்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் விழுந்தது. அன்றுதான் அவள் பொறுமை போனது. அவருக்குத் தெரியாமல் பச்சைக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சோடாபுட்டியிடம் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமையே மாமா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாத்தியாம்மா, நம்ம வீட்டுல இருக்கே, அச்சு அசல் அதே மாதிரி. ஜோடி சேந்துடுச்சு."

பிறகு அலமாரி முழுக்கத் தேடினார். "எங்க வச்சேன்? இங்கதானே இருந்தது?" என்று தலையைச் சொறிந்தார். "வயசாச்சும்மா. புத்தி மங்குது."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன்பின் கொடுப்பதை நிறுத்தியும் இருக்கலாம், இடநெருக்கடி விடவில்லை. ஒன்று போகும், அதுவே திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் அவர் இல்லாத ஜோடியைத் தேடுவார். ஒருமுறை டாக்டரிடமே, "ஞாபகமறதி வந்துடுச்சு" என்று சொன்னார். பக்கத்தில் நின்ற அவள் தரையைப் பார்த்தாள். அறிவு தெளிவாக இருந்த மனுஷனைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைத்துவிட்டோமே என்ற எண்ணம் அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. கடைசியாக மறுபடியும் பச்சைக் கோப்பையைக் கொடுத்த வாரம்தான் அவர் படுக்கையில் விழுந்தார். அது இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் கண் மூடுமுன் அதை இடத்தில் வைத்துவிட்டு, 'உங்களுக்கு மறதி இல்லை மாமா' என்று சொல்லிவிட வேண்டும். கடவுளே, அதுவரை அவருக்கு மூச்சைக் கொடு.

சோடாபுட்டி கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"சனிக்கிழமை வருவாருன்னு தனியா எடுத்து வச்சேன். வரல. வேற யாருக்கும் குடுக்கவும் மனசு வரல." அவள் பணப்பையைத் திறக்கப்போனதும் கையை மறித்தார். "அதெல்லாம் அப்புறம். ஓடுங்க."

அவள் பின்கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, அலமாரியில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். அவசரத்தில் அது பக்கத்துக் கோப்பையில் மெல்ல இடித்து 'டிங்' என்றது.

"பச்சை வந்துடுச்சா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கணவன் டாக்டருக்கு ஃபோன் செய்ய வெளியே போயிருந்தான். மூலை நாற்காலியில் மாமாவின் தங்கை கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"மாமா, உங்களுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான்தான்..."

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"மொத தடவையிலேர்ந்து." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "இருட்டு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி, எந்த ஒயர் அறுந்திருக்குன்னு தடவியே கண்டுபிடிச்சவன் நான். என் கப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவர் மறதி இருக்கான்னு கேட்டாரு. நீ பக்கத்துல நிக்கற. இல்லைன்னு சொன்னா உன் முகம் என்ன ஆகும்?"

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூலையில் அத்தையின் உதடுகள் அசைவதை நிறுத்தியிருந்தன.

"கோவமே வரலையா மாமா?"

"எதுக்கு? அந்தக் கடையில இருந்த நல்லதை எல்லாம் வாங்கித் தீத்துட்டேன். புதுசா சரக்கும் வரல. சனிக்கிழமை விடிஞ்சா எங்க போறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அப்பத்தான் நீ ஆரம்பிச்ச." அவள் கையிலிருந்த கோப்பையைத் தடவினார். "அடுக்கி வச்சிருக்கறதுல என்னம்மா இருக்கு? குப்பைக்கு நடுவுல ஒண்ணு கண்ணுல படும் பாரு, அதான். கடவுள் குடுக்கறத உன் கையால குடுத்தாரு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா அந்த 'ஓட்டப்பந்தயம், இரண்டாம் பரிசு'ன்னு எழுதின கப்ப மட்டும் ஓயாம குடுத்தியே. அது மேல உனக்கு அப்படி என்ன பகை?"

"பாக்கவே சகிக்கல மாமா."

"எனக்கும்தான். நீ குடுத்துட்டியேன்னு வாங்கிட்டு வந்தேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரையேறியது. பச்சைக் கோப்பையில் வெதுவெதுப்பாகக் காபி கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டினாள். இரண்டு மிடறு உள்ளே போனது. போதும் என்று கையசைத்தார்.

மாலையில் மகனும் வந்து அருகில் உட்கார்ந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். "என் கை பட்ட லிஃப்ட் எதுவும் நடுவுல நின்னதில்லடா. இதுவும் நிக்காது." நிற்கவும் இல்லை. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாள். முள் இருந்த இடத்தில் வலி இல்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து திரும்பியவர்களுக்குக் காபி கொடுக்க, அலமாரியிலிருந்த அத்தனை கோப்பைகளையும் இறக்க வேண்டியிருந்தது. கூட்டம் கலைந்தபின் அத்தை மட்டும் சமையலறை வாசலில் நின்றாள். கையில், வெளுத்த ரோஜா வரைந்த ஒரு சின்னக் கோப்பை.

"இத எனக்குக் குடுத்துடறியா? அண்ணன் ஞாபகமா வச்சுக்கறேன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல அத்தை. சோடாபுட்டி கடைக்குப் போங்க. அங்க எங்கயாவது இருக்கும். தேடி எடுத்துக்கோங்க."

"என்ன பேசற நீ? கேக்கறாங்கல்ல, குடுத்துடு," என்றான் கணவன்.

"நீ சும்மா இருடா," என்றாள் அத்தை. அண்ணன் நேற்றுப் பேசியதை அவளும் கேட்டிருந்தாள். கைக்குட்டையை எடுத்து, கோப்பையின் விளிம்பைச் சுற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரொம்பக் கீழ்த்தட்டுல வச்சிடச் சொல்லாதே. எனக்கு முட்டி மடங்காது."

அவள் பழைய செய்தித்தாளை விரித்துக் கோப்பையைச் சுற்றத் தொடங்கினாள். அத்தை, பார்க்காதவள்போல, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.