ஒப்பாரி வாக்குமூலம்

விடியற்காலைப் பனியில் நனைந்து வழுக்கும் மரத்தில், இடுப்பில் கயிறும் முதுகில் காட்டுக்கத்தியுமாக ஏறிப் பாருங்கள், அந்த வேலையின் லட்சணம் தெரியும். கொக்கோவுக்கு நிழல் தரும் மரங்களில் அறுபதடி உயரம் போய்க் கிளை கழிக்க வேண்டும். தோட்டமே பயந்து ஒதுங்கும் வேலை, மாரிமுத்துவுக்கு மட்டும் கொண்டாட்டம். உச்சியில் நின்றுகொண்டு, கீழே கொக்கோக் காய் பிளக்கும் பெண்சாதியைக் கூப்பிடுவான்.

"ஏ பரிமளம், உக்குவளை ரயிலு தெரியுது புள்ள!"

அன்றும் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கயிறு அறுந்துவிட்டது.

வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன தோட்டத்தை வாங்கிய புதுத் துரை சாவு வீட்டுக்கு வந்தார். "ஆசைப்பட்ட வேலையிலேயே உசுரு போயிருச்சு. இந்தக் குடுப்பினை யாருக்கு வரும்?" என்றார். பாவி மகள் அந்தப் பேச்சை மூன்று நாள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தாள். பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது அவளுக்கு?

நாலாம் நாள் விடியப் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்கு வரிசை கட்டி நின்றார்கள். துரை பக்கத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை இராசமாணிக்கம் மாரிமுத்துவின் சாவைப் பற்றி எழுதிய தாளை வாசித்தார். "மரம் ஏறும் பிரியத்தால், மனைவி தடுத்தும் கேளாமல் ஏறி விழுந்தான். கயிற்றில் பழுதில்லை." அதே கயிற்றை, அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, மாரிமுத்துவின் தம்பி அழகுமுத்துவிடம் நீட்டினார்.

பரிமளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் எப்பங்க தடுத்தேன்?"

"நீதானே சொல்லி அழுத? 'ஏறாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேக்காமப் போனீங்களே'ன்னு. நானும் கேட்டேன், துரையும் கேட்டாரு."

"ஐயோ, அது ஒப்பாரிங்க!"

செத்தவனைக் கோபித்து அழாத பொம்பளை எந்த லயத்தில் இருக்கிறாள்? அவள் ஒரு நாளும் அவனைத் தடுத்ததில்லை. சொன்னால் யார் நம்புவது? தாள் அவர்கள் கையில்.

"சந்தோசமாத்தானே செத்தான்? அத நெனச்சு ஆறுதல்படு" என்றார் துரை.

"மேல நிக்கத்தாங்க அவருக்கு ஆசை. விழுறதுக்கு யாருங்க ஆசைப்படுவா? கயிறு நைஞ்சு போச்சு, மாத்திக் குடுங்கன்னு ரெண்டு மாசமாக் கேட்டாரே, அது உங்க காதுல விழல. நான் அழுதது மட்டும் விழுந்துச்சா?"

துரை அவளை விட்டுவிட்டு அழகுமுத்துவிடம் திரும்பினார். "மரம் ஏறுறியா, பத்துச்சீட்டு வாங்கிட்டு வெளிய போறியா?"

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு. இரண்டு பிள்ளைக்காரன் என்ன செய்வான்? கயிற்றுக்குக் கை நீட்டினான். பரிமளம் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் தம்பி! கணக்கப்பிள்ளை ஐயா, இப்பத்தான் தடுக்கிறேன். இத எழுதிக்குங்க!"

காய் பிளக்கும் கிருஷ்ணம்மா வரிசையை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "நானும் தடுக்கிறேன். எம் பேரையும் போடுங்க." பிறகு இன்னொருத்தி. அப்புறம் பொம்பளைகள் கூட்டமாக வந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகக் கத்தியைத் தரையில் போட்டார்கள்.

"எல்லாருக்கும் பத்துச்சீட்டுதான்!" என்று கத்திவிட்டுத் துரை ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பரிமளம் களத்திலேயே உட்கார்ந்து அழுதாள். போனவன் வரப்போவதில்லை. புதுக் கயிறும் வரவில்லை, அந்தத் தாளையும் யாரும் கிழிக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ, ஒருவருக்கும் தெரியாது. வெயில் ஏறியது, அவளைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் யாரும் மரம் ஏறவில்லை.