சாப்பிட்ட பிறகு

அன்றைக்குக் காலையிலிருந்தே அருள்நாயகியின் போக்குச் சரியில்லை. வாய் ஓயாத மனுசி அவள். டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் எவர் வீட்டில் என்ன கறி என்பதுவரை சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் விருந்து மண்டபத்துக் குசினியில் கிளாஸ் துடைத்துக்கொண்டு ஊமையாக நின்றாள். கூட வேலை செய்யும் பவளராணி தூக்கப் போன பாரங்களையெல்லாம் ஓடிவந்து பறித்துக்கொண்டாள்.

"என்னக்கா, இண்டைக்கு என்னில உவ்வளவு பாசம்?" என்று பவளராணி சிரித்தாள்.

அருள்நாயகி சிரிக்கவில்லை. "நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.

"வேலை முடியட்டும் அக்கா."

அது மே மாதத்து ஞாயிறு. டெனிஷ் வீடுகளில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற கிறிஸ்தவச் சடங்கு நடக்கும் காலம். தேவாலயம் முடிந்ததும் சனமெல்லாம் மண்டபத்துக்கு வந்து, பாட்டும் பேச்சுமாகப் பொழுது சாயும்வரை இருந்து சாப்பிடும். பவளராணி பரிமாற வேண்டும், வைன் ஊற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரிக்க வேண்டும். நம்மவர்கள் சிலர், "ஆம்பிளையளுக்குச் சாராயம் ஊத்துறாள்" என்று வாய் கூசாமல் கதைத்தார்கள். கதைக்கிறவர்களா அவளுடைய புருசனை இந்த நாட்டுக்கு எடுத்துத் தரப் போகிறார்கள்?

புருசன் சிவபாலன் வன்னியில் இருந்தான். சமாதான காலத்தில் போய் அவனைக் கட்டி, வயிற்றில் பிள்ளையோடு திரும்பியவள் அவள். நிரந்தர வேலை காட்டினால்தான் அவனை இங்கே எடுக்கலாம் என்றார்கள். அதற்காக விடியப்புறம் பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்தாள், பின்னேரம் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்தாள், சனி ஞாயிறு இந்த மண்டபம். இன்றைய விருந்தைப் பிழையில்லாமல் முடித்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி கீர்ஸ்தன் சொல்லியிருந்தாள். அங்கேயோ சண்டை கடற்கரையோரத் துண்டு நிலத்துக்குள் வந்து நெருங்கிவிட்டது. சிவபாலனின் குரலைக் கேட்டு வாரங்களாகிவிட்டன.

சூப் போனது, இறைச்சி போனது. அவள் குசினிக்குள் வரும்போதெல்லாம் அருள்நாயகி வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டை நீட்டினாள்.

"ரெண்டு வாய் தின்னடி. வெறும் வயித்தோட நிக்காத."

"என்னக்கா நீங்கள், சும்மா அரியண்டம் தந்துகொண்டு!"

பின்கதவடியில் யாரோ நிற்பது தெரிந்தது. நித்தியானந்தன் அண்ணை. சிவபாலனின் ஒன்றுவிட்ட தமையன். தலைநகர்ப் பக்கம் டோஸ்ட்ருப்பில் இருக்கிற மனுசன், நாட்டைக் குறுக்கறுத்துக் கார் ஓடிக்கொண்டு எதற்கு வந்தார்?

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான் பிள்ளை," என்றார். கண் அவள் முகத்துக்கு வரவில்லை. "சாப்பிட்டியோ?"

எங்களுடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. செத்த செய்தியைப் பசித்த வயிற்றில் சொல்ல மாட்டார்கள். சொன்னபின் அந்தத் தொண்டையில் பச்சைத்தண்ணியும் இறங்காது என்று தெரியும். ஆகவே முதலில் சாப்பிட வைப்பார்கள், கை கழுவ விடுவார்கள், பிறகுதான் வாய் திறப்பார்கள். பவளராணியே இன்னொருத்திக்கு அப்படிச் செய்திருக்கிறாள்.

"பசியில்லை அண்ணை," என்றாள்.

சாப்பிட்டால்தானே சொல்லுவார்கள்! அவள் சாப்பிடாதவரை சிவபாலன் உயிரோடுதான் இருக்கிறான். அவள் வைன் போத்தலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள், மேசை மேசையாகச் சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல! ஒரு துளி விரிப்பில் சிந்தவில்லை.

எல்லோரும் போனபின் கீர்ஸ்தன் அவளைக் கட்டிப்பிடித்தாள். "வேலை உனக்குத்தான், நிரந்தரமாக. இனி உன் கணவரை அழைக்கலாம்," என்று டெனிஷில் சொன்னாள். அருள்நாயகி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தாக்," என்று நன்றி சொன்னாள் பவளராணி. "நாளைக்கும் வரட்டோ? நாளைக்கும் வேலை இருக்குமோ?"

வீட்டுக்கு வந்தபோது வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். வாசல் நிறையச் சப்பாத்துகள். மகளைப் பார்த்துக்கொள்ளும் மேரிகிறேஸ் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் கதையை நிறுத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். யாரோ சமைத்துக் கொண்டுவந்த சோறும் பருப்பும் மேசையில் இருந்தன. அவளுடைய அடுப்பை ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

"இருந்து சாப்பிடு பிள்ளை," என்றார் நித்தியானந்தன்.

"வேண்டாம்."

"ஒரு வாய் எண்டாலும்..."

"வேண்டாமெண்டு சொல்லுறன்! என்னை விடுங்கோவன்!"

சத்தம் கேட்டு லக்சனா அறைக்குள்ளிருந்து ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். தகப்பனைத் தொலைபேசிக் குரலாக மட்டும் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளை. "மோர், யை எர் சூல்தன்," என்று டெனிஷில் விம்மினாள். அம்மா, பசிக்கிறதாம். அம்மா வராமல் வாயில் ஒன்றும் வைக்க மாட்டேன் என்று மத்தியானம் தொடக்கம் அடம்பிடித்தாளாம்.

பவளராணி அப்படியே நிலத்தில் இருந்தாள். கோப்பையை வாங்கிச் சோற்றைக் குழைத்து மகளுக்குத் தீத்தினாள். இரண்டு வாய் வாங்கிய பிள்ளை மூன்றாவது வாய்க்குத் தலையை ஆட்டியது. தாயின் கையைப் பிடித்து, தாயின் வாய்ப்பக்கமே தள்ளியது. பவளராணி எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை.

அவள் அந்தச் சோற்றை வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு மகளுக்கொரு வாய், தனக்கொரு வாய். கோப்பை வெறுமையாகும்வரை ஒருவரும் அசையவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நித்தியானந்தன் முன்னால் நின்றாள்.

"சாப்பிட்டிட்டன் அண்ணை. இப்ப சொல்லுங்கோ."