பஞ்சரான பஸ்ஸின் பொதுமக்கள்

அரங்கில் நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. உட்காரத்தான் ஆளில்லை.

தமிழ்மொழி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கி, மரவள்ளிக் கிழங்கை யார் விளைவிக்கிறார்கள், யார் விற்கிறார்கள், லாபம் யார் மடியில் விழுகிறது என்று ஆராய்ந்தவள் அவள். இன்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லித் தேறிவிட்டால் முனைவர் பட்டம். திங்கட்கிழமை சின்னசேலத்தில் ஒரு கல்லூரி வேலைக்கு நேர்காணல். தேறியதற்கான சான்று இல்லாமல் அங்கே வாசற்படி மிதிக்க முடியாது. வடக்கனந்தலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பா பாவாடைக்கும் அம்மாவுக்கும் இன்று வைவா என்றுகூட அவள் சொல்லவில்லை. தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பொது வைவான்னா பொதுமக்கள் இருக்கணும். காலி நாற்காலிக்கு முன்னாடி நான் நடத்த மாட்டேன். நாளைக்கு வெளிநாடு போறேன். ரெண்டு மாசம் கழிச்சு வச்சுக்கலாம்."

அவளுடைய ஆய்வு நெறியாளர் ராமசாமி கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். மாணவர்கள் எல்லாம் விடுமுறைக்கு ஊர் போய்விட்டார்கள். அலுவலக ஊழியர்களையும் காவலாளியையும் உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. அவர்கள் எல்லாம் பொதுமக்கள் ஆகமாட்டார்கள் என்று தேர்வாளர் எழுப்பிவிட்டார்.

ஆராய்ச்சிப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஆண்டாள் விதியை ஒருநாளும் மீறமாட்டார். தாலாட்டுப் பாடித் தூங்கவைத்துவிட்டு, அதைத் தாண்டிப் போவார். வைவா அறிவிப்பை எடுத்துத் தேர்வாளர் முன் நீட்டினார்.

"ஆர்வமுள்ள அனைவரும் வரலாம்னுதானே சார் போட்டிருக்கு? அஞ்சு நிமிஷம் குடுங்க."

வெளியே, பல்கலைக்கழக வாசலில், கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ் பஞ்சராகி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பயணிகள் உள்ளேயே புழுக்கத்தில் வதங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டாள் போனார். பின்னாலேயே தமிழ்மொழியும் ஓடினாள்.

"உள்ள ஒரு பொண்ண கேள்வி கேக்கறாங்க. வந்து ஒக்காருறீங்களா? ஆர்வம் இருக்கா?"

"ஃபேன் ஓடுதா?" என்றாள் கோழிக்கூடை வைத்திருந்த சின்னப்பொண்ணு.

"ஓடுது."

"டீ குடுப்பீங்களா?"

"குடுப்போம்."

"அப்போ ஆர்வம் இருக்கு. ஏறுங்கடி, இல்ல, எறங்குங்கடி!"

ஒரு பஸ் கூட்டமே அரங்கில் நிறைந்தது. தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆர்வம் எல்லார் முகத்திலும் வழிந்தது. பேனாவைத் திறந்தார்.

கூட்டமும் மேடையைப் பார்த்தது. மேசைக்குப் பின்னால் இரண்டு பெரிய மனிதர்கள். எதிரே தனியாக நிற்கிற பெண். முன்வரிசையில் இருந்த பெரியவர் சடையனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பஞ்சாயத்து" என்றார் பக்கத்தில். வார்த்தை கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

தேர்வாளர் ஆரம்பித்தார். "மூணாவது இயல். வீடு வீடாப் போய்க் கேக்காம, சந்தையில வச்சு மட்டும் ஏன் தரவு சேகரிச்சீங்க? முறையியல் அடிப்படை என்ன?"

தமிழ்மொழிக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தேர்வாளர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். மூன்றாம் முறைக்குப் பதில் வராவிட்டால் எழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்தாய்யா, பொண்ண இன்னாத்துக்கு இப்டி மெரட்டிக்கினு கீற?" என்று சின்னப்பொண்ணு எழுந்தாள். கூடையில் கோழியும் எழுந்தது.

"அம்மா, நான் மிரட்டல—"

சடையன் கையமர்த்தினார். "ரெண்டு பக்கமும் கேக்கணும். அதான் நாயம். நீ என்னாண்ட சொல்லு பாப்பா. வூட்டுக்குப் போவாம சந்தைக்கு இன்னாத்துக்குப் போன?"

தமிழ்மொழி அவர் பக்கம் திரும்பினாள். நாக்கு ஒட்டியிருந்த இடத்தைவிட்டுக் கழன்றது.

"வூட்ல போயி கேட்டா ஆம்பளதாங்க பதில் சொல்றாரு. கெழங்கு இன்னா வெலைன்னா, அவருக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்றாரு. சந்தையில விக்கறது பொம்பளைங்க. ஜாஸ்தி கெடச்சுதா கம்மியா கெடச்சுதான்னு அவங்களுக்குத்தான் தெரியும். மொதல்ல வூடு வூடாத்தான் போனேன். அவரு கணக்கும் சந்தை கணக்கும் ஒத்து வர்ல. அதான் சந்தைக்கு மாத்திக்கினேன்."

பெண்கள் பக்கம் கைதட்டல் வெடித்தது. "எங்க வூட்டுக்காரரு உப்பு வெலகூட தப்பாத்தான் சொல்லுவாரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

தேர்வாளர் பேனாவை மூடினார். "நான் கேட்டதும் இதைத்தான். இவ்வளவு நல்ல காரணம் இயல்ல ஏன் இல்ல?"

"எழுதியிருந்தேன் சார். வேணாம்னு அடிச்சுட்டாங்க."

ராமசாமி இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி இருமினார்.

அதன்பின் தமிழ்மொழி எல்லாக் கேள்விக்கும் சடையனைப் பார்த்தே பதில் சொன்னாள். வெளியே டயர் மாற்றிய பஸ் ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. கூப்பிட வந்த டிரைவரையும், "தீர்ப்பு சொல்லாம வர மாட்டோம், குந்து" என்று சின்னப்பொண்ணு இழுத்து உட்கார வைத்தாள்.

தேர்வாளர் எழுந்தார். தமிழ்மொழி தேறிவிட்டாள், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஆண்டாள் சான்றுக்குக் கையெழுத்து வாங்கிய வேகத்தில் மை காயக்கூட நேரமில்லை.

"வீணா பொண்ண நிக்க வெச்சதுக்கு அபராதம் கெடயாதா?" என்றார் சடையன்.

ஆண்டாள் கண்ணிமைக்கவில்லை. "உண்டுங்க. எல்லாருக்கும் டீயோட பஜ்ஜி. சென்னை ஐயா குடுப்பாரு."

"இது விதியில இருக்கா?" என்றார் தேர்வாளர்.

"இல்லன்னும் போடல சார்."

அவர் சிரித்துவிட்டார். சட்டைப் பைக்குள் கை போனது.

சான்றை மார்போடு பிடித்துக்கொண்டு தமிழ்மொழியும் அதே பஸ்ஸில் ஏறினாள். வடக்கனந்தலில் அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கரும்புத் தோட்டத்து ஓரம் பஸ் நின்றது. கத்தியும் கையுமாக நின்ற பாவாடையைக் காட்டி, "அதான் எங்கப்பா" என்று சின்னப்பொண்ணிடம் சொன்னாள். அதுதான் தப்பாகிவிட்டது. அவள் படியிறங்குமுன் சின்னப்பொண்ணு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"யோவ்! ஒம் பொண்ணு மேல போட்ட கேஸு தள்ளுபடி ஆயிடுச்சுய்யா! அபராதமும் அவங்களுக்குத்தான்!"

பாவாடையின் கையிலிருந்து கத்தி நழுவிக் கரும்புச் சருகில் விழுந்தது.