அவர் பங்கு ஏழு கிலோ

விமானம் கிளம்ப இன்னும் முப்பத்தோரு மணி நேரம் இருந்தது. கட்டில் மேல் அவளுடைய பை வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் கணவருடைய பை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

ஆளுக்கு ஏழு கிலோ, கையில் எடுத்துப் போகும் பை மட்டும். மலிவான டிக்கெட்டுக்கு அதுதான் சட்டம். வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் பாடம் நடத்தியிருந்தாள். இரண்டு பேன்ட், நான்கு மேல்சட்டை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர். எதை எதோடு போட்டாலும் பொருந்த வேண்டும். அங்கே இப்போது கோடை. அலசிப் போட்டால் உடனே காய்ந்துவிடும். பதினைந்து நாளைக்கு அது தாராளம்.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவளுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், அடுத்த தடவை அவருக்கு லீவு இல்லை. "நீ மட்டுமாவது போயிட்டு வா" என்று அவர் கெஞ்சியும் இரண்டு தடவையும் அவள் மசியவில்லை. தனியாக விமானம் ஏற அவளுக்கு அவ்வளவு பயம்.

அவளை உறுத்தியது அவர் பைதான். பஸ் ஓட்டும் மனுஷன். தன் துணியைத் தானே மடித்ததாகச் சரித்திரமே கிடையாது. இன்று அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அடுக்கி, ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

"என்னங்க, திடீர்னு பொறுப்பு வந்துடுச்சு?"

"வயசாகுதுல்ல."

"மகளுக்குத் தைச்ச ரெண்டு சட்டையையும் வச்சா என் பை கனக்குது. உங்க பையில போடறேன்."

"வேண்டாம். உன் ஸ்வெட்டரை எடுத்துட்டு அதை வை."

"உங்க பையில பாதி காலியா இருக்கே."

"அதுல கை வைக்காத, சொல்லிட்டேன்." பற்பசை வாங்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் பையைப் பார்த்தபடி நின்றாள். நேற்று மகளும் அப்படித்தான் பேசினாள்: "அப்பா துணியைப் பத்தி நீ யோசிக்காதம்மா." அப்பாவும் மகளும் ஏதோ கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். ஜிப்பை இழுத்தாள்.

மேலே இருந்த சட்டையின் காலர் நைந்திருந்தது. அதற்குக் கீழேயும் அப்படியே. பஸ் கண்ணாடி துடைக்க என்று அவள் ஒதுக்கி வைத்த சட்டைகள். பேன்ட் இரண்டும் தொப்பை விழுவதற்கு முந்தைய காலத்தவை. அலமாரியைத் திறந்தாள். நல்ல சட்டைகள் எல்லாம் ஹேங்கரில் அசையாமல் தொங்கின. குளியலறை மூலையில், பக்கெட்டில் அவருடைய யூனிஃபார்ம் ஊறிக்கொண்டிருந்தது.

ஏதாவது நோயா? வேலையில் சிக்கலா? இன்னொரு நினைப்பும் எட்டிப் பார்த்தது. அதை அவள் உள்ளே விடவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பை திறந்தே கிடந்தது.

"இந்தச் சட்டையோடதான் மக முன்னாடி போய் நிக்கப் போறீங்களா?"

"வெயில் காலம்தானே. காத்தோட்டமா இருக்கும்."

"பேன்ட்டு? பதினஞ்சு நாளும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"யூனிஃபார்ம் ஊறுதே."

"அழுக்கா இருந்துச்சு."

"ஊருக்குப் போறவரு யூனிஃபார்மை எதுக்கு ஊற வைக்கணும்? நாளன்னிக்கு யாருக்கு ட்யூட்டி?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பற்பசையை அவளுடைய பைக்குள் வைத்தார்.

"ஏர்போர்ட் வாசல்ல வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். இங்க சொன்னா நீ பையைப் பிரிச்சுக் கொட்டிடுவ."

"எதைச் சொல்லலாம்னு?"

அவர் அவளுடைய பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினார். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கு விசா கிடைக்கல. உனக்கு மட்டும்தான் வந்திருக்கு."