ஜீப்பில் வைத்து முடிந்த காடு

தரகுத் தொழிலில் மொக்கச்சாமி கடைப்பிடித்த விதி ஒன்றே ஒன்றுதான். முன்பணம் கைமாறும்வரை விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விடக்கூடாது. விட்டால் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு போய்விடுவார்கள், தரகன் பஸ்சுக்குக் காசில்லாமல் நிற்பான்.

எண்பத்து மூன்றின் வறட்சியில் மலையில் ஏலச்செடி கருகியதிலிருந்து விற்கத்தான் ஆள் வந்தது, வாங்க ஒருவரும் வரவில்லை. வருசம் ஒன்றாகியும் மொக்கச்சாமிக்கு ஒரு ஏலக்காடுகூட விலை முடியவில்லை. மனைவி முனியாயி கெடு வைத்துவிட்டாள். இந்தக் காடும் முடியாவிட்டால் திங்கட்கிழமை போடியில் அவள் தம்பி கோட்டைச்சாமியின் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும். கோட்டைச்சாமிக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததே மொக்கச்சாமிதான். அவனிடம் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் குரங்கணி மலைக்குப் போகிற ஜீப்பில் சிலமலை ஊர்க்காரர் சோலைமலையை ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். சோலைமலை கையில் காசுள்ள விவசாயச் சம்சாரி. மகனுக்கு மலையில் ஒரு காடு வாங்கிப்போட வேண்டும் என்று நினைத்தவர். காட்டுக்காரர் மதுரையில் இருக்கிறார் என்று அவரிடம் சொல்லியாயிற்று. வாங்குகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவார் என்று காட்டுக்காரரான தேவாரம் ஊர்க் கண்ணுச்சாமியிடமும் சொல்லியாயிற்று.

ஜீப்பு கிளம்பி இரண்டு வளைவு தாண்டவில்லை, வழியில் ஒருவர் கைகாட்டி ஏறினார். அவர் கண்ணுச்சாமி.

"அட, மொக்கச்சாமி! மலைக்கா? நானும் அங்கதேன் போறேன். குடுக்குறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துட்டு வரலாம்னு..."

"உக்காருங்கண்ணே, உக்காருங்க!" என்று மொக்கச்சாமி பாதியிலேயே மறித்து, இருவருக்கும் நடுவில் தன் உடம்பைத் திணித்துக்கொண்டார். காட்டுப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாது. வேறு எதையாவது பேச வைக்க வேண்டும். வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தார்.

"அண்ணே, இவுக சிலமலை. நம்ம ஆளுகதேன். சாமி கும்பிடுற வகையில நீங்க ரெண்டு பேரும் என்ன முறை வேணும்?"

மனுசன் அத்தோடு தொலைந்தார். அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் முறை தெரியாமல் யாரும் விடமாட்டார்கள்.

"நாங்க கருப்பசாமி கும்பிடுறவுக" என்றார் கண்ணுச்சாமி.

"எங்களுக்கு அங்காள ஈசுவரி" என்றார் சோலைமலை. " எங்க அப்பாவைப் பெத்த ஆத்தா தேவாரத்துல கருப்பசாமி வீட்டுப் பொண்ணுதேன்."

"அப்ப நாம மாமன் மச்சானுங்கல்ல!"

இருவரும் மொக்கச்சாமியின் தலைக்கு மேலாகக் கைகூப்பிக்கொண்டார்கள். பேச்சு பிள்ளைகுட்டிகளுக்குப் போனது. மொக்கச்சாமி மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தார், யானை இறங்கியதைச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"மகளுக்குக் கல்யாணம் எப்ப மச்சான்?" என்று கேட்டார் சோலைமலை.

"எங்க அன்னக்கொடிக்கா? அதுக்குத்தேன் காட்டையே விக்கிறேன். குரங்கணிக்கு மேல, ரெண்டு ஓடைக்கு நடுவுல."

"ரெண்டு ஓடைக்கு நடுவுலயா? அதைத்தான இப்பப் பாக்கப் போறேன்!"

இருவரும் திரும்பி மொக்கச்சாமியைப் பார்த்தார்கள். மொக்கச்சாமி ரோட்டைப் பார்த்தார்.

முதலில் சிரித்தவர் சோலைமலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், காட்டை விக்காதீங்க. பொண்ணை எம் மகனுக்குக் குடுங்க. நகை நட்டெல்லாம் வேணாம். காடு ஒங்க பேருலயே இருக்கட்டும், பய பாத்துக்கிருவான்."

கண்ணுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "மொக்கச்சாமி, கொஞ்சம் பின்னாடி போங்க. சம்பந்தி பக்கத்துல உக்காரணும்" என்றார்.

மொக்கச்சாமி பின்னால் போய் உர மூட்டைமேல் உட்கார்ந்தார்.

மலையில் இருவரும் காட்டைச் சுற்றிவந்தார்கள். திரும்புகையில் கண்ணுச்சாமி மடியை அவிழ்த்து, "ஒங்க தரகு" என்று நீட்டினார். மனசார நீட்டினார். வாங்கியிருக்கலாம். வாங்கிக்கொண்டு முனியாயி முன்னால் நிமிர்ந்து நின்றிருக்கலாம்.

"பொண்ணு குடுக்குற விசயத்துல தரகு வாங்குனவன்னு நாலு பேரு பேசணுமா? உள்ள வைங்கண்ணே" என்றது அவர் வாய்.

"பெரிய மனுசன்யா!" என்றார்கள் இருவரும். அந்தப் பெரிய மனுசன் வழிநெடுக மனசுக்குள் தன் வாயைத் திட்டிக்கொண்டு வந்தார். மறுபடி கேட்டுவிடலாமா என்றுகூட இரண்டு தடவை எழப் பார்த்தார். போடிக்குள் நுழைந்ததும் எட்டி டிரைவரின் தோளைத் தட்டினார்.

"வண்டிய ரைஸ்மில்லு வாசல்ல நிப்பாட்டு."

வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று பயந்தார்.

"பாருங்க சம்பந்தி, அதுக்குள்ள அடுத்த பார்ட்டியப் பிடிக்கக் கெளம்பிட்டாரு" என்று கண்ணுச்சாமி சொல்வது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தார்.

உள்ளே தவிடு பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த கோட்டைச்சாமி எழுந்திருக்கவில்லை. "என்ன மச்சான், காடு முடிஞ்சிருச்சா?" என்றான்.

"எப்ப இருந்து வரணும், மாப்ளே?" என்று கேட்டார் மொக்கச்சாமி.