பொறுப்பான துப்பாக்கிக்காரர்

பெல்மோர் ஊரில் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு மொத்தக் குத்தகை வெர்லின் ஸ்டக்கிதான். மாதம் இரண்டு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர். 'எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை' என்று ஆரம்பித்தாரானால், காபி ஆறி, கேட்டவர்களுக்குக் கால் மரத்துப்போகும்வரை விடமாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மூன்று வாரமாகத் தகராறு. மகன் டிரெவர் வேலையும் போய், மனைவியும் போய், ஒரே ஒரு பையோடு வந்து தன் பழைய அறையில் படுத்தவன்தான், வெளியே வரவில்லை. முப்பத்தோரு வயது. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போன மாதிரியே திரும்பி வந்தது. அவன் அம்மா லோரெட்டா அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பயந்தாள். கீழ்த்தளத்து இரும்புப் பெட்டியில் இருக்கும் ரிவால்வரை எங்காவது கொண்டுபோய் வை, பிள்ளை தேறட்டும், பிறகு எடுத்துக்கொள் என்று புருஷனிடம் மூன்று தடவை கெஞ்சினாள். மூன்று தடவையும் அவளுக்கு வகுப்புதான் கிடைத்தது, அதுவும் இலவசமாக. ஆபத்து துப்பாக்கியில் இல்லையாம், கவனக்குறைவில்தான் இருக்கிறதாம். பெட்டி பூட்டியிருக்கிறதாம். எண் அவர் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறதாம்.

அந்த மண்டை ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவர், தன் பெட்டிக்கு வைத்தது 1983. பெல்மோர் பள்ளி கூடைப்பந்தில் மாநிலக் கோப்பையை வென்ற வருடம். வெர்லினும் அந்த அணியில் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் அந்த வருடத்தை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரனுக்கும் தெரிந்த ரகசியம் அது.

இந்த நேரம் பார்த்துத்தான் போலீசார் சர்ச் வாசலில் முகாம் போட்டார்கள். துப்பாக்கியைக் கொடுத்தால் மளிகைக் கூப்பன், பேர் கேட்கமாட்டோம், ஊர் கேட்கமாட்டோம் என்று அறிவிப்பு. வெர்லின் விடுவாரா? கொள்ளைக்காரன் என்ன, கூப்பனுக்கு வரிசையில் நிற்கப்போகிறானா என்று பத்திரிகைக்கு இரண்டு கடிதம் எழுதினார். முகாமன்று எதிர்ப்புறம் மடக்கு நாற்காலி போட்டு, 'பொறுப்பானவன் கொடுக்கமாட்டான்' என்று அட்டை பிடித்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கூட்டாளி கிளைடு. அவனுக்குக் கொள்கை கிடையாது. நல்ல துப்பாக்கி ஏதாவது வந்தால் போலீஸ் மேசைக்குப் போகுமுன் மடக்கி வாங்கிவிட வந்திருந்தான்.

முதலில் வந்தவன் தண்ணீர்க் குழாயை அறுத்து, ஆணி வைத்து, துப்பாக்கி என்று பேர் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அதற்கும் கூப்பன் கொடுத்தார்கள். வெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிளம்பர் கூலியை அரசாங்கம் கொடுக்குது பாருடா என்று கிளைடிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்து ஒரு விதவை, புருஷனின் துருப்பிடித்த வேட்டைத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி வந்தாள். அதைப் பார்த்து இந்த ஊரில் காக்காய்கூடப் பயப்படாது என்றார் வெர்லின்.

விதவைக்குப் பின்னால், குளியலறைத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு லோரெட்டா நின்றாள்.

வெர்லினின் சிரிப்பு அப்படியே நின்றது. அட்டையைக் கையில் பிடித்தபடியே சாலையைக் கடந்து ஓடினார். பெட்டியை உடைத்தாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு உடைக்கணும்? நம்பரைப் போட்டேன், திறந்துச்சு."

"நம்பரை யார் சொன்னது?"

"டிரெவர்." லோரெட்டா குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்குக் காலையில சமையல்கட்டுக்கு வந்தான். அம்மா, அந்தப் பெட்டியை ரெண்டு தடவை திறந்து மூடிட்டேன், மூணாவது தடவை மூடுவேனான்னு எனக்கே தெரியல, எடுத்துட்டுப் போயிடும்மான்னான்."

வெர்லின் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அப்பா வகுப்பு எடுப்பாரும்மான்னான்."

மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

மேயர் முதல் குப்பை வண்டி வரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிற மனிதர், இல்லை என்று தலையாட்டினார். அட்டையைக் கீழே போட்டார். மனைவி கையிலிருந்து துண்டை வாங்கிப் பிரித்து, குண்டு இல்லை என்று பார்த்து, ரிவால்வரைத் தானே மேசைமேல் வைத்தார். எதிர்ப்புறத்திலிருந்து கிளைடு என்னவோ கத்தினான். அவர் திரும்பவே இல்லை.

"அவனைத் தனியா விட்டுட்டா வந்தே?"

"விடுவேனா? கார்ல இருக்கான்."

டிரெவர் முன்சீட்டில், மூன்று வாரத் தாடியோடு, கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்லின் பின்கதவைத் திறந்து ஏறினார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவர் இப்போது வகுப்பு எதுவும் எடுக்காமல், கையை நீட்டி மகனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதுப்பா," என்றான் டிரெவர்.

வெர்லின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். விடவில்லை.